பழைய சர்ஃபேஸ் கிரைண்டருக்கு என்ன விலை சொல்றது?

"சர்ஃபேஸ் கிரைண்டர் விற்பனைக்கு. நல்ல ரன்னிங் கண்டிஷன். விலை நேரில்."

பழைய மிஷின் விளம்பரம்னா பெரும்பாலும் இவ்வளவுதாங்க. கூட ஒரு போட்டோ இருக்கும். புதுசா பச்சை பெயிண்ட் அடிச்ச மிஷினை ஒரு மூலைல தள்ளி நிறுத்தியிருப்பாங்க, கீழ வெட்டி விட்ட ஒயர் கெடக்கும். பாக்கவே எரிச்சலா இருக்கு. உள்ளபடியே அது நல்ல மிஷினாக்கூட இருக்கலாம். ஆனா அந்த மூணு வரியாலயும் அந்த ஒரு போட்டோவாலயும் சொந்தக்காரரே அதை இரும்புக் கடை விலைக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்திடுறார். (மாவு கிரைண்டரைச் சொல்லலீங்க. பேச்சு கோயமுத்தூரைச் சுத்தி வரப்போகுதுங்கறதால இதை முதல்லயே சொல்லிடணும். டை பிளேட், பஞ்ச், ஃபிக்சர் எல்லாத்தையும் காந்த சக்குல புடிக்க வச்சு மைக்ரான் கணக்குல மட்டம் தட்டி எடுக்கற மிஷின் பத்தின பேச்சு இது.) கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ, அந்தப் பக்கம் அம்பத்தூர், கிண்டினு எங்க போனாலும் நாலு பேர் வேலை செய்யற சின்னப் பட்டறைகள்ல இந்த மிஷின் ஒண்ணு நிக்கும். வயசாகி மூடறவங்க, சிஎன்சிக்கு மாறறவங்க, இடம் பத்தாம விக்கிறவங்கன்னு பல பேருக்கு இது கடைசியாக் கைக்கு வர்ற காசு. அதுல பாதியைச் சும்மா விட்டுட்டுப் போறாங்களேங்கற ஆதங்கத்துலதான் இதை எழுதறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். பழைய கிரைண்டரோட விலை அதோட வயசுல இல்ல, பெயிண்ட்ல இல்ல, நீங்க குடுத்து வாங்கின காசுலயும் இல்ல. அது இன்னமும் எத்தனை மைக்ரான்ல வேலை எடுக்கும்ங்கறதை வாங்க வர்றவர் கண்ணு முன்னாடி காட்ட முடியுதா, அதுலதான் இருக்கு. லேத்துலகூட கொஞ்சம் தேய்மானம் இருந்தா அதுக்கேத்த முரட்டு வேலை குடுத்து ஓட்டிக்கலாம். கிரைண்டர்னு ஒண்ணை வாங்கறதே கடைசி ரெண்டு நூறுல ஒரு பங்கு மில்லிமீட்டருக்காக. அது வருமா வராதான்னு தெரியலன்னா அப்புறம் அதுக்கு என்ன விலை குடுக்க முடியும்?

விக்கிறவங்க மனசுல பொதுவா மூணு விலை ஓடும். முதல்ல வாங்கின விலை. "அப்பவே இவ்வளவு குடுத்தேன்"ங்கற கணக்கு. வாங்கறவருக்கு அதால ஒரு பிரயோஜனமும் கிடையாது. ரெண்டாவது, ஆடிட்டர் புத்தகத்துல இருக்கற விலை. வருமான வரிக் கணக்குல மிஷினரிக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க, அதுவும் மிச்சம் இருக்கற மதிப்புல. 3 லட்சத்துக்கு வாங்கின மிஷின் பத்து வருஷத்துல புத்தகத்துல 59,000 சொச்சத்துக்கு வந்து நிக்கும். மூணு ஷிஃப்ட் ஓடித் தேஞ்ச மிஷினுக்கும் அதே 59,000, துணி போத்தி வச்சிருந்த மிஷினுக்கும் அதே 59,000. வரி கட்ட அந்தக் கணக்கு வேணும், விலை பேச உதவாது. மூணாவது, இரும்பு விலை. கையால தள்ளற 450க்கு 150 சைஸ் மிஷினே முக்கா டன், ஒரு டன்னுனு வரும். 900 கிலோ, கிலோ 30 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டா 27,000. இந்த மூணுல உருப்படியான விலை இது ஒண்ணுதான், ஏன்னா இது தரை. இதுக்குக் கீழ யாரு கேட்டாலும் நீங்க பேச்சை முடிச்சுக்கலாம்.

மேல இருக்கற கூரை எதுன்னு கேட்டா, அதே சைஸ் புது மிஷின் விலை. இங்க பல பேர் கவனிக்காம விடற விஷயம் ஒண்ணு இருக்கு. மெஷின் டூலுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். புதுசு 3 லட்சம்னா பில்லு 3,54,000 வரும். வாங்கறவர் ஜிஎஸ்டி பதிவு வச்சிருந்தா அந்த 54,000-ஐக் கிரெடிட் எடுத்துக்குவார், அவருக்குக் கூரை 3 லட்சம்தான். பதிவு இல்லாத சின்ன ஆளுக்குக் கூரை 3,54,000. ஒரே மிஷினுக்கு ரெண்டு பேரும் குடுக்கத் தயாரா இருக்கற விலை வேறவேறயா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். வந்தவர் கறார் பேர்வழின்னு நெனச்சு நாம கோவிச்சுக்குவோம், அவரோட கணக்கே வேறயா இருக்கும்.

சரி, தரைக்கும் கூரைக்கும் நடுவுல எங்க நிறுத்தறது? வாங்கறவர் எப்படிக் கணக்குப் போடறார்னு யோசிச்சா பதில் கிடைச்சுடும். நல்லா ஓடுதுன்னு உறுதியாத் தெரிஞ்ச பழைய மிஷினுக்கு என்ன விலைன்னு அவர் மனசுல ஒரு தொகை இருக்கும். அதுலேர்ந்து ரிப்பேர் செலவைக் கழிப்பார், வண்டிச் செலவைக் கழிப்பார். கடைசியா பயத்தைக் கழிப்பார். இந்தப் பயத்துக்குக் கழிக்கற தொகைதான் எல்லாத்தையும் விடப் பெருசு. ஜார்ஜ் ஆக்கர்லாஃப்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970ல பழைய கார் சந்தையை வச்சு ஒரு கட்டுரை எழுதினார். விக்கிறவனுக்கு வண்டியோட நெலம தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாது. அதனால வாங்கறவன் எல்லா வண்டிக்கும் சுமாரான விலைதான் குடுப்பான். அந்த விலைக்குக் கட்டாதுன்னு நல்ல வண்டிக்காரங்க சந்தைய விட்டே போயிடுவாங்கன்னு காட்டினார். 2001ல நோபல் பரிசு வாங்கின மூணு பேர்ல அவரும் ஒருத்தர். பழைய கிரைண்டர் சந்தைல இது இன்னும் பலமாப் பொருந்தும். காரையாவது ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடலாம். கரண்ட் இல்லாம மூலைல நிக்கற கிரைண்டரை என்னத்தப் பாக்கறது? கைப்பிடியை நாலு சுத்து சுத்தி, ஸ்பிண்டிலைக் கையால புடிச்சு ஆட்டிப் பாக்கலாம், அவ்வளவுதான்.

பயம் எப்படி விலையைத் தின்னும்ங்கறதுக்கு ஒரு நல்ல உதாரணம் ஜாப் மேல விழற வரி. மிஷினை ஓட்டிக் காட்டறீங்க, தேய்ச்ச பீஸ் மேல சீரான இடைவெளில மெல்லிசா வரிவரியா விழுது. இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். வீல் பேலன்ஸ் இல்லாம இருக்கலாம், இல்ல டைமண்ட் போட்டு டிரஸ் பண்ணாம மழுங்கி, அடைச்சுப் போயிருக்கலாம். அப்படின்னா ஒரு மணி நேர வேலை, செலவுன்னு பெருசா ஒண்ணும் இல்ல. இல்லன்னா ஸ்பிண்டில் பேரிங் போயிருக்கலாம். அப்ப ஸ்பிண்டிலைக் கழட்டணும், துல்லியப் பேரிங் ஜோடி வாங்கணும், தெரிஞ்ச ஆளை வச்சு மாட்டணும். ரெண்டுக்கும் அடையாளம் ஒண்ணுதான், செலவுல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். வந்தவர் எதை நெனச்சுக் கழிப்பார்? பேரிங்கைத்தான். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவர் காசு அது. வீலைப் பேலன்ஸ் பண்ணி, டிரஸ் பண்ணி, சுத்தமான ஃபினிஷ் வர்றதை முன்னாடியே உறுதி பண்ணி வச்சுட்டா, மொத்தப் பேரிங் செலவும் பேச்சுக்கே வராது. ஒரு மணி நேர வேலைக்கு இவ்வளவு கூலி வேற எந்த வேலைலயும் கிடைக்காது.

இப்ப எதைக் காட்டணும்ங்கறதுக்கு வருவோம். கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா விலை மொத்தமும் இங்கதான் இருக்கு. முதல்ல ஸ்பிண்டிலை அரை மணி நேரம் சும்மா ஓட விடுங்க. குளுந்த ஸ்பிண்டில் சூடாகும்போது நீளும், நடுவுல ரீடிங் மாறும். அப்புறம் பலரும் பண்ற சோதனை, அஞ்சு கட்டை. ஒரே இரும்புல அஞ்சு கட்டையை வெட்டி, அடிப்பக்கத்தைத் தேய்ச்சுத் திருப்பி, சக்கோட நாலு மூலைல நாலும் நடுவுல ஒண்ணும் வச்சு, ஒரே செட்டிங்ல தேய்ச்சு, கடைசில டெப்த் குடுக்காம பொறி நிக்கற வரைக்கும் ஓட்டணும். காந்தம் எடுத்து, ஆறவிட்டு, மைக்ரோமீட்டர்ல அஞ்சையும் அளந்தா வர்ற வித்தியாசத்தை எழுதிக்கலாம். நல்ல சோதனைதான். ஆனா தெரிஞ்சவர் இதோட விடமாட்டார், விடவும் கூடாது. சக் மேல்பக்கத்தை இதே மிஷின்ல தேய்ச்சு எடுத்திருப்பீங்க இல்லையா? பெட் நடுவுல தேஞ்சு கோணலா ஓடினா, அந்தக் கோணல் சக்குலயும் அப்படியே பதிஞ்சிருக்கும். கட்டையோட அடி கோணல் மேல உக்காந்திருக்கும், மேல்பக்கமும் அதே கோணல்ல தேயும். கனம் மட்டும் அஞ்சுலயும் ஒண்ணாக் காட்டும். ஆக, பெட் தேஞ்ச மிஷின்கூட அஞ்சு கட்டை சோதனைல பாஸாகிடும்.

அதைப் பிடிக்கறதுக்குத்தான் நீளக் கட்டை. சக் நீளத்துக்கு, குறைஞ்சது 40 மில்லி கனமா ஒரு கட்டை எடுத்துக்கங்க. மெல்லிசா எடுத்தா காந்தம் இழுத்து வளைச்சிடும், எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துக்கும், ரீடிங் பொய்யாயிடும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தேய்ச்சு, காந்தம் எடுத்து, சர்ஃபேஸ் பிளேட் மேல மெல்லிசா ப்ளூ தடவி அதுல இந்தக் கட்டையை வச்சு லேசா அசைச்சு எடுத்துப் பாருங்க. நீலம் கட்டை முழுக்கப் பரவலா ஒட்டினா பெட் நேரா இருக்கு. ரெண்டு முனைல மட்டும் ஒட்டி நடுவுல வெள்ளையா இருந்தா, இல்ல நடுவுல மட்டும் ஒட்டி முனை ரெண்டும் தொடாம இருந்தா, பெட் தேஞ்சிருக்கு. சின்ன ஜாப்பையே எப்பவும் நடுவுல வச்சு வருஷக்கணக்கா ஓட்டின பட்டறைகள்ல இப்படித்தான் ஆகும். இந்த ரெண்டு சோதனையும் பண்ணி ரிசல்ட்டை ஒரு தாள்ல எழுதி வச்சவர்கிட்ட வந்து "பெட் எப்படி இருக்குமோ"ன்னு இழுத்துப் பேச யாருக்கும் வாய் வராது.

மிச்சத்தைச் சுருக்கமா முடிச்சுடலாம். ஹெட்ல டயலை நிறுத்தி 5 மைக்ரான் 5 மைக்ரானா டெப்த் குடுத்து, ஒவ்வொரு தடவையும் ஹெட் எவ்வளவு எறங்குதுன்னு எழுதுங்க. மூணு தடவை அசையாம இருந்துட்டு நாலாவது தடவை மொத்தமாப் பொத்துனு எறங்கற மிஷின்ல சைஸ் பிடிக்க முடியாது. பாதி நேரம் அது ஸ்லைடுல எண்ணெய் போகாத கோளாறாத்தான் இருக்கும், லைனைச் சுத்தம் பண்ணினாலே சரியாகும். சக்குல இன்னும் எவ்வளவு தேய்க்க மிச்சம் இருக்கு, எல்லா இடத்துலயும் பிடிக்குதா, உள்ள கூலண்ட் எறங்கியிருக்கான்னு பாருங்க. ஹைட்ராலிக் மிஷின்னா டேபிள் திரும்பற எடத்துல உதறுதான்னு எண்ணெய் சூடான பிறகு பாருங்க, குளுந்திருக்கும்போது பல மிஷின் ஒழுங்காத்தான் ஓடும். வீல் கார்டு கண்டிப்பா இருக்கணும். தொலஞ்சு போயிருந்தா செஞ்சு மாட்டிட்டு வில்லுங்க, இதுல காசு கணக்குப் பாக்காதீங்க.

இப்ப ஒரு கணக்கு. (தொகையெல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் விலையை இதுல போட்டுக்கங்க.) நல்லா ஓடுதுன்னு உறுதியான பழைய மிஷின் 1,60,000 போகும்னு வைங்க. ஸ்பிண்டில் வேலைக்கு 30,000, பெட் ஸ்கிரேப்பிங்குக்கு 40,000, புது சக்குக்கு 25,000. எதுவும் தெரியாம வர்றவர் மூணையும் கழிப்பார்: 65,000-ல வந்து நிப்பார். இதுல அவர் பேராசைன்னு ஒண்ணும் இல்ல. அதே மிஷினை ஓட்டிக் காட்டி, ஸ்பிண்டில் சரியா இருக்கு, பெட் நேரா இருக்கு, சக் மட்டும் முடிஞ்சு போச்சுன்னு நீங்களே சொல்லிட்டா கழிக்கறதுக்கு சக் மட்டும்தான் இருக்கும்: 1,35,000. மிஷின்ல ஒரு ஸ்குரூகூட மாத்தலீங்க. 70,000 ரூபாய் வித்தியாசம் தெரிஞ்சதுக்கும் தெரியாததுக்கும் நடுவுல இருக்கறது. பழைய மிஷின் வியாபாரிங்க பொழப்புல பெரிய பங்கு இதுதான். கரண்ட் இல்லாத மிஷினைத் தெரியாத விலைக்கு எடுத்து, தன் ஷெட்ல கனெக்ஷன் குடுத்து, ஓட்டிக் காட்டி, தெரிஞ்ச விலைக்கு விக்கறாங்க. நியாயமான தொழில்தான், இடத்தையும் முதலையும் ரிஸ்க்கையும் அவங்க போடறாங்க. ஆனா கனெக்ஷன் உங்ககிட்டயே இருக்கும்போது அந்த லாபத்தை எதுக்கு விட்டுக் குடுக்கணும்?

உடனே ஒரு கேள்வி வரும். "அளந்து பாத்து ரீடிங் மோசமா வந்துட்டா? சொல்லாம இருந்தா தெரியாமலே போயிருக்குமே?" நேர்மையைத் தள்ளி வச்சுட்டு வெறும் காசுக் கணக்காவே பாருங்க. சொல்லாத மிஷினுக்கு வந்தவர் ஏற்கெனவே எல்லாத்தையும் கழிச்சிட்டார். மறைக்கறதால உங்களுக்கு ஒண்ணும் மிச்சம் ஆகறதில்ல. அதோட, எல்லாருக்கும் 5 மைக்ரான் வேணும்னு கிடையாது. பிரஸ் டூல் பண்றவருக்கு டை பிளேட் பேரலல் சுத்தமா வேணும். வெல்டிங் ஃபிக்சருக்கு பேஸ் பிளேட் தேய்க்கறவருக்கு 20, 30 மைக்ரான் போனாலும் கவலை இல்ல. கத்தி, பிளேடு தீட்டறவருக்கு அது கூடத் தேவையில்ல. "நீளத்துக்கு 25 மைக்ரான் போகுது, சின்ன ஜாப்புக்கு 8க்குள்ள நிக்குது"ன்னு எழுதினா, அந்த வேலைக்கு ஏத்த ஆள் தேடி வருவார், வந்தவர் பேரம் பேச வராம வாங்க வருவார். உள்ளபடியே எல்லாம் முடிஞ்சு போன மிஷினா இருந்தா, நாலு பேர் வந்து பாத்துட்டுப் போற நாளும் மிச்சம். சக், மோட்டார், கூலண்ட் பம்ப் எல்லாம் தனித்தனியா வித்துட்டு மிச்சத்தை எடைக்குப் போடறதுதான் சரி.

"பெயிண்ட் அடிச்சா பாக்க நல்லா இருக்குமே?" புதுசாத் தொழில் தொடங்கறவர் கொஞ்சம் மயங்கலாம். ஆனா கையில காசு வச்சிருக்கற அனுபவசாலி, புதுப் பெயிண்டைப் பாத்ததும் எதை மறைக்கறாங்கன்னுதான் முதல்ல தேடுவார்: எண்ணெய் கசிவையா, காஸ்டிங் விரிசலையா? கை கிரைண்டர் வச்சு ஸ்லைடுல ஸ்கிரேப்பிங் அடையாளம் மாதிரி கோடு போட்டு வைக்கறவங்களும் இருக்காங்க, அது இன்னும் மோசம். பெயிண்டுக்குப் போடற காசை மண்ணெண்ணெய்லயும் காட்டன் வேஸ்ட்லயும் போட்டு மிஷினைத் துடைச்சு, பழைய பெயிண்டோடவே நிறுத்துங்க. சுத்தமா, ஆனா பழசா இருக்கற மிஷின்மேலதான் நம்பிக்கை வரும்.

"எங்களோடது ஹெச்எம்டி, பிராகா, வெளிநாட்டு ஜோன்ஸ் அண்ட் ஷிப்மேன். பேருக்கே விலை உண்டு." உண்டு, மறுக்கல. செகந்திராபாத் பிராகாவோ லெஸ்டர் ஜோன்ஸ் அண்ட் ஷிப்மேனோ கனமான நல்ல காஸ்டிங், அடிப்படை பலமா இருக்கும், மறுபடி ஸ்கிரேப் பண்ணினா திரும்ப உயிர் வரும். ஆனா பேரு சொல்றது அது பொறந்தப்ப எப்படி இருந்துச்சுங்கறதை. இத்தனை வருஷம் கூலண்ட் ஃபில்டர் இல்லாம சாணைத் தூளோட ஓடினதா, டெய்லி எண்ணெய் பாத்து ஓடினதாங்கறதைப் பேருப் பலகை சொல்லாது. ஸ்பேர் கிடைக்கற கவலையும் சேந்தே வரும். அமெரிக்க மிஷின்னா இன்னொண்ணு: அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்க 50. அதே மோட்டார் இங்க ஆறுல ஒரு பங்கு மெதுவாத்தான் சுத்தும். வர்றவர் இதைக் கேப்பார், பதில் வச்சுக்கங்க. நல்ல பேரும் நல்ல ரீடிங்கும் சேர்ந்தா விலை ஏறும். பேரு மட்டும் இருந்தா புரோக்கர்கிட்டக் கதை பேசத்தான் ஆகும்.

"பட்டறையே காலி பண்ணியாச்சு, வாடகை ஓடுது, ஈபி கனெக்ஷனை சரண்டர் பண்ணியாச்சு. எங்க ஓட்டிக் காட்டறது?" இது நெஜமாவே கஷ்டமான கேள்வி. பல பேர் கடைசில விக்கற வரிசையே தப்பா இருக்குங்கறதைத்தான் இது காட்டுது: ஜாப் ஆர்டர் நிக்குது, கனெக்ஷன் போகுது, அப்புறம்தான் மிஷினை விக்கணும்னு யோசனை வருது. மூடறதுன்னு முடிவு பண்ணின அன்னைக்கே கிரைண்டரை முதல்ல விலைக்குப் போடுங்க. ஒரு மாச வாடகையும் ஈபி கட்டணமும் சேத்தாக்கூட மேல சொன்ன வித்தியாசத்துக்குப் பக்கத்துல வராது. ஏற்கெனவே கனெக்ஷன் போயிடுச்சுன்னா பக்கத்துப் பட்டறைலேர்ந்து ஒரு நாளைக்கு லைன் இழுக்கறதெல்லாம் வேண்டாம், அது சட்டப்படியும் தப்பு, ஆபத்தும்கூட. தெரிஞ்சவர் பட்டறைக்கே மிஷினை எறக்கி அங்க ஓட்டிக் காட்டறது ஒரு வழி. அதுவும் முடியலன்னா, கடைசியா ஓடினப்ப எடுத்த வீடியோவும் தேய்ச்ச நீளக் கட்டையும் கையில இருந்தாலே ஒண்ணுமில்லாததுக்கு எவ்வளவோ மேல். அதனால இன்னும் ஓடிக்கிட்டு இருக்கறவங்க, விக்கற எண்ணம் இல்லன்னாலும், வருஷத்துக்கு ஒரு தடவை இந்த ரீடிங்கை எடுத்துத் தேதி போட்டு வச்சுக்கங்க.

"விலையை எழுதிட்டா அதுக்குக் கீழதானே பேசுவாங்க?" பேசத்தான் செய்வாங்க. பேரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டே எழுதுங்க. ஆனா "விலை நேரில்"னு போட்டா பாதிப் பேர் வரவே மாட்டாங்க, வர்ற பாதில நெறைய பேர் சும்மா விசாரிச்சுட்டுப் போறவங்க. விலையும் ரீடிங்கும் சேந்து இருந்தா பேரமே வேற மாதிரி நடக்கும். "நாற்பதுக்குக் குடுங்க"ன்னு யாரும் சும்மா அடிச்சுவிட முடியாது. எதுக்குக் கழிக்கணும்னு சொல்லணும். சக்குக்குக் கழிக்கச் சொன்னா புது சக் விலை என்ன, அதுல எவ்வளவு நியாயம்னு ரெண்டு பேரும் பேசிக்கலாம்.

பேசி முடிச்ச பிறகு காகித வேலைல ஏமாந்துடாதீங்க. மிஷின் பேர்ல பேங்க் லோன் இருந்தா அது பேங்க்குக்கு ஈடா இருக்கு. லோனை முடிச்சோ பேங்க் கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கியோதான் விக்கணும். ஜிஎஸ்டி பதிவு இருக்கறவங்க, மிஷின் வாங்கினப்ப கட்டின வரிக்குக் கிரெடிட் எடுத்திருந்தா, அதுல வாங்கினதுலேர்ந்து ஒவ்வொரு காலாண்டுக்கும் 5 சதவீதம் கழிச்சு மிச்சம் வர்ற தொகை ஒண்ணு, விக்கற விலைக்கான வரி ஒண்ணுனு ரெண்டையும் போட்டுப் பாத்து, எது அதிகமோ அதைக் கட்டணும். அஞ்சு வருஷம் தாண்டினா முதல் தொகை பூஜ்யமாயிடும், விக்கற விலைக்கான வரிதான் நிக்கும். விலை பேசும்போதே "வரி சேத்தா, வரி தனியா"ன்னு சொல்லிடுங்க. கடைசி நிமிஷத்துல 18 சதவீதம் நடுவுல வந்து நின்னா முடிஞ்ச பேச்சும் உடையும். தமிழ்நாட்டுக்குள்ள 1 லட்சத்துக்கு மேல, வெளி மாநிலத்துக்கு 50,000-க்கு மேல போனா இ-வே பில் போடணும். இதையெல்லாம் உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு போன்ல கேட்டுக்கலாம், மிஷின் வண்டில ஏறின பிறகு கேக்காதீங்க.

ஏத்தறதுக்கும் ஒரு முறை இருக்கு. கூலண்ட், ஹைட்ராலிக் எண்ணெயை வடிச்சிடணும். வீலைக் கழட்டிடணும். டேபிளை நடுவுக்குக் கொண்டு வந்து ஓடாமக் கட்டணும். ஹெட்டுக்கும் சக்குக்கும் நடுவுல மரக்கட்டை குடுத்து ஹெட்டை மெல்ல அதுமேல எறக்கி உக்கார வைக்கணும், வண்டி குலுங்கும்போது ஸ்குரூவும் ஸ்லைடும் அடி வாங்காம இருக்க. பெல்ட்டை பேஸ் காஸ்டிங்ல தூக்கறதுக்குன்னு இருக்கற எடத்துல போடணும், டேபிள்லயோ கைப்பிடிலயோ மாட்டித் தூக்க விடாதீங்க. ஏத்தி விடற செலவு உங்களுது, வண்டி வாடகையும் அங்க எறக்கி லெவல் பாக்கறதும் அவரோடதுன்னு முன்னாடியே பேசிக்கங்க. போன எடத்துல லெவல் பாக்காம ஓட்டிட்டு ரீடிங் வரலன்னு போன் வரும், அது மிஷின் குத்தம் ஆகாது. அதனால பில்லுல "எங்கள் இடத்தில் ஓட்டிக் காட்டி, இருக்கும் நிலையில் விற்கப்பட்டது"ன்னு ஒரு வரி எழுதுங்க. அஞ்சு கட்டை, நீளக் கட்டை ரீடிங் எழுதின தாள்ல தேதி போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பில்லோட சேத்து ஒரு பிரதியை அவர்கிட்டக் குடுங்க, ஒண்ணை நீங்க வச்சுக்கங்க.